“சமாளிக்கிறன் டொக்டர்”: வைத்திய மதிப்பீட்டுக்குப் போகும் முன்

எங்கள் பெண்களிடம் சுகம் விசாரித்தால் வருகின்ற பதில் அநேகமாக ஒன்றுதான். “இருக்கிறன் பிள்ளை, ஏதோ சமாளிக்கிறன்.” வீட்டுப் படலையில் நின்று கதைக்கும்போது இந்தப் பதில் நல்ல பதில். இடம்பெயர்ந்து திரிந்த காலத்திலும், முகாமிலும், மீள்குடியேறித் தறப்பாள் கொட்டிலில் இருந்த நாட்களிலும் எங்களை நிமிர்ந்து நிற்க வைத்த சொல் அது. ஆனால் அரச வைத்தியரின் மேசைக்கு முன்னால் இருக்கும்போது, மாதாந்தக் கொடுப்பனவுக்கான படிவத்தை அவர் நிரப்பிக்கொண்டிருக்கும்போது, அதே சொல் எங்களுக்கு எதிராகப் போய்விடுகிறது. அதைப் பற்றித்தான் இம்முறை எழுத நினைத்தேன்.

நான் வன்னியில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுடன் வேலை செய்பவள். பெண்களைக் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்கும் வைத்தியசாலைக்கும் போய் வருவது என் வேலையில் பெரும் பங்கு. போன இடங்களில் வாங்குகளில் காத்திருந்து கண்டதும் கேட்டதும்தான் இங்கே இருக்கின்றன.

முதலில் கொடுப்பனவு பற்றிச் சுருக்கமாக. வருமானம் குறைந்த குடும்பங்களில் உள்ள வலுவிழந்தவர்களுக்கு ஒரு காலத்தில் மாதம் 3,000 ரூபா கிடைத்தது. பின்னர் அது 5,000 ஆனது. 2023ஆம் ஆண்டு அஸ்வெசும திட்டம் வந்தபோது அதன் கீழ் கொண்டுவரப்பட்டது. 2024இல் 7,500 ரூபாவாகவும், 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தின்படி 10,000 ரூபாவாகவும் உயர்ந்தது. இந்தக் காசில் ஒரு குடும்பம் சீவிக்க முடியாது. ஆனால் கிளினிக்குக்குப் போய்வரும் பஸ் காசுக்கும், வெளியில் வாங்கச் சொல்லி எழுதித் தரும் மருந்துக்கும் யாரிடமும் கை நீட்டாமல் இருக்கலாம். அதுவே பெரிய காரியம்.

இதற்கு விண்ணப்பிக்க மூன்று படிகள் தாண்ட வேண்டும். கிராம உத்தியோகத்தர் உங்கள் வதிவிடத்தையும் குடும்ப நிலையையும் உறுதிப்படுத்த வேண்டும். அரச வைத்தியர் உங்களைப் பரிசோதித்து அறிக்கை எழுத வேண்டும். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் இரண்டையும் பார்ப்பார். வீட்டுக்கும் வந்து பார்க்கக்கூடும். முதலாவதும் மூன்றாவதும் அலைச்சல் தரும் படிகள், ஆனால் அங்கே எங்கள் பெண்கள் அதிகம் தவறுவதில்லை. தவறுவது நடுவில், அந்த வைத்தியரின் அறையில்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2009ஆம் ஆண்டு மாத்தளனில் ஷெல் விழுந்து இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். கணவரும் அந்த நாட்களிலேயே போய்விட்டார். காயக்காரரோடு கப்பலில் புல்மோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து வவுனியா, பின்னர் மெனிக் பாம். இப்போது ஒரு மகளோடு இருக்கிறார். இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கிறார். செயற்கைக் காலைப் போட்டு, அதன் மேல் சேலை உடுத்து வந்தாரென்றால் அறியாதவர்களுக்குக் கால் இல்லாதது தெரியவே தெரியாது. அதில் அவருக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையில் பிழை ஏதும் இல்லை.

பரிசோதனை நாளன்று இருக்கிற சேலைகளில் நல்லதை உடுத்து, தலை வாரி, மூன்று மணித்தியாலம் காத்திருந்து உள்ளே போனார். உள்ளே இருந்தது ஐந்து நிமிடம் கூட இல்லை.

“நடப்பீங்களா?”

“ஓம் டொக்டர்.”

“வீட்டில சமையல் ஆர்?”

“நான்தான்.”

“வேலை ஏதும் செய்யிறீங்களோ?”

“இடியப்பம் அவிச்சுக் குடுக்கிறன்.”

“வேற என்ன கஷ்டம்?”

“இல்லை டொக்டர், சமாளிக்கிறன்.”

அறிக்கையில் விழுந்த வசனம் இது: தனது அன்றாட வேலைகளைத் தானே செய்யக்கூடியவர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

வைத்தியர் பொய் எழுதவில்லை. அக்காவும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்த வசனம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது விளங்கும். அவர் நடப்பது காலையில். மதியத்துக்கு முன்னரே தொடை வரை வலி ஏறிவிடும். வெட்டிய காலின் நுனி வீங்கி, தோல் உரிந்து, செயற்கைக் கால் இறுகத் தொடங்கும். பின்னேரம் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கைகளை ஊன்றித் தவழ்ந்துதான் குசினிக்குப் போவார். மா குழைப்பதும் பிழிவதும் இருந்தபடி அவர். கொதிக்கிற பானையை ஏற்றி இறக்குவது மகள். கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும் மகள். இடியப்பத்தைக் கடைக்குக் கொண்டுபோவது பக்கத்து வீட்டுத் தம்பியின் சைக்கிள். மழைக்காலத்தில் மலசலகூடத்துக்குப் போகிற பாதை சறுக்கும் என்று அந்த நாட்களில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். அவர் சொன்ன “ஓம்” ஒவ்வொன்றுக்குள்ளும் இவ்வளவும் இருந்தன. கேட்டவருக்கு “ஓம்” மட்டும்தான் கேட்டது.

அதே கிராமத்தில் கால் இழந்த ஓர் ஆணும் இருக்கிறார், முன்னர் கடற்றொழில் செய்தவர். அவரிடம் கேட்கப்பட்டது, “கடலுக்குப் போவீங்களோ?” அவர் சொன்னது, “ஏலாது.” அந்த ஒரு சொல்லோடு அவருடைய பரிசோதனை முடிந்துவிட்டது. அவருக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். ஆணிடம் தொழிலைக் கேட்கிறார்கள், அது முடியாது என்றால் இயலாதவர். பெண்ணிடம் வீட்டைக் கேட்கிறார்கள். எந்தப் பெண் சொல்லுவாள், பிள்ளைக்குச் சோறு காய்ச்ச ஏலாது என்று? தவழ்ந்தாவது காய்ச்சுவாள். காய்ச்சுகிறாள் என்பதாலேயே இயலக்கூடியவள் ஆகிவிடுகிறாள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது கூலியில்லாத வீட்டுழைப்பு கணக்கில் எடுக்கப்படுவதில்லை என்று பாடம் எழுதினோம், சோதனையிலும் எழுதினோம். இங்கே வந்த பிறகு கண்டது, அது கணக்கில் எடுக்கப்படுகிறது. எங்களுக்கு எதிரான சாட்சியாக.

இது மாற வேண்டும் என்று கூட்டங்களில் சொல்லி வருகிறோம். மாறும் வரைக்கும் நீங்கள் படிவத்தோடு போகத்தான் வேண்டும். ஆகவே போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, உங்கள் ஒரு நாளை எழுதுங்கள். எழுத வராவிட்டால் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். நல்ல நாளை எழுத வேண்டாம். படுத்த படுக்கையாகக் கிடந்த மோசமான நாளையும் எழுத வேண்டாம். மாதத்தில் அதிகமாக வருகிற நாள் எது, அதை எழுதுங்கள்.

விடிய எழும்புவதிலிருந்து தொடங்குங்கள். எழும்பி உட்கார எவ்வளவு நேரம், எதைப் பிடித்து? மலசலகூடத்தில் குந்தி இருக்க முடியுமா, யார் தூக்கிவிடுகிறார்கள்? குளிப்பதும் உடுப்பதும் எப்படி? மாதவிடாய் நாட்களில் துணி மாற்ற, கழுவ முடிகிறதா? (இதை வைத்தியரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளில் இருக்கட்டும், அவர் வாசிப்பார்.) தண்ணீர் அள்ளுவது, விறகு கொத்துவது, தேங்காய் துருவுவது, சோற்றுப்பானையை இறக்கிக் கஞ்சி வடிப்பது, முற்றம் கூட்டுவது, பஸ் படியில் ஏறுவது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் செய்வேன், செய்யமாட்டேன் என்று மட்டும் எழுதிவிட்டு விடாதீர்கள். எவ்வளவு நேரம் செய்கிறீர்கள், செய்த பின் உடம்புக்கு என்ன ஆகிறது, யாருடைய உதவியோடு, அந்த ஆள் இல்லாத நாளில் என்ன செய்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். பல வீடுகளில் தாயின் காலும் கையும் பள்ளிக்குப் போகிற ஒரு பிள்ளைதான். அந்தப் பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்குப் போகாமல் நின்றது என்பதையும் எழுதுங்கள்.

“கொஞ்சம்” என்ற சொல்லிலும் கவனம் தேவை. 2012ஆம் ஆண்டு சனத்தொகைக் கணக்கெடுப்பில் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல், தன்னைத் தானே பராமரித்தல், மற்றவருடன் தொடர்பாடல் ஆகிய ஆறு விடயங்களில் உள்ள சிரமம் பற்றிக் கேட்டார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதமானவர்களுக்கு, அதாவது ஏறத்தாழ 16 இலட்சம் பேருக்கு ஏதோ ஒரு சிரமம் இருப்பதாக அதில் பதிவானது. அதில் பாதிக்கு மேல் பெண்கள். இவ்வாறான கேள்விகளுக்கு உலகெங்கும் நான்கு படிநிலைகளில் பதில் எடுப்பார்கள்: கஷ்டம் இல்லை, கொஞ்சம் கஷ்டம், மிகவும் கஷ்டம், செய்யவே முடியாது. எங்கள் பேச்சில் “கொஞ்சம்” என்பது மரியாதைக்குப் போடுகிற சொல். கால் முறிந்தவளும் “கொஞ்சம் நோகுது” என்றுதான் சொல்லுவாள். படிவத்தில் அது இரண்டாவது படி. நாலு பேர் சேர்ந்து செய்கிற வேலையைக் “கொஞ்சம் கஷ்டம்” என்று சொல்லாதீர்கள்.

கூட்டிச் சொல்லச் சொல்லி நான் யாரையும் தூண்டவில்லை. கூட்டிச் சொன்னால் பிடிபடும்; பிடிபட்டால் சொன்ன உண்மையும் நம்பப்படாது. நடக்கிறதை நடக்கிற அளவுக்குச் சொன்னாலே போதும்.

உடம்பில் வெளியே தெரியாத காயங்கள் உள்ளவர்கள் இன்னும் கவனமாகப் போக வேண்டும். தலையிலோ முதுகிலோ ஷெல் பீஸ் இருக்கிறவர்கள் பழைய எக்ஸ்றே இருந்தால் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் கிளினிக்கில் கேட்டுப் புதிதாக எடுக்கலாம். (எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் மட்டும் உடம்பில் இரும்பு இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள், அது ஆபத்து.) வலிப்பு வருகிறவர்கள், வந்த திகதிகளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். வலிப்பு வருகிற நேரம் உங்களுக்கு நினைவிருக்காது, ஆகவே கண்ட ஒருவர் கூட வர வேண்டும். காது கேளாதவர்கள் செய்கிற ஒன்று, விளங்காவிட்டாலும் தலையாட்டுவது. பரிசோதனை அறையில் அதைச் செய்யாதீர்கள். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்லுங்கள், அதற்காகத்தானே போயிருக்கிறீர்கள்.

மனதில் பட்ட காயத்துக்கு மருந்து எடுக்கிற சகோதரிகள் அந்தக் கிளினிக் கொப்பியை வீட்டில் ஒளித்து வைத்துவிட்டு வருகிறார்கள். மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரம், ஊரில் கதை வரும் என்ற பயம். அந்தப் பயம் வெறும் பயம் என்று நான் சொல்லமாட்டேன். ஊரை எனக்கும் தெரியும். ஆனால் பரிசோதனை அறை ஊர் இல்லை. இரவில் நித்திரை இல்லை, சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது, அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டு இருமுறை எரிந்தது என்றால் அதுவும் அந்தத் தாளில் இருக்க வேண்டிய விடயம்தான்.

செயற்கைக் கால் உள்ளவர்கள் அதைப் போட்டுக்கொண்டு போங்கள், ஆனால் கழற்றிக் காட்டக்கூடிய உடுப்போடு போங்கள். இறுக்கிக் கட்டிய சேலையைவிடத் தொளதொளத்த பாவாடை வசதி. நுனிக் காலில் புண் இருந்தால் அதைக் காட்ட வெட்கப்பட வேண்டாம். பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்கலாம், அது அதிகப்படியான கேள்வி அல்ல. கால் தேய்ந்து இறுக்கமாகவோ தளர்ந்தோ போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் 1987ஆம் ஆண்டு முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களில் கால் செய்வதோடு திருத்தமும் செய்கிறார்கள். பலர் பஸ் செலவுக்குப் பயந்து வருடக்கணக்கில் போகாமல் இருக்கிறார்கள்.

பத்திரங்கள் பற்றிக் கேட்டால் எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். 2009இல் காயத்தோடு புல்மோட்டை, திருகோணமலை, பதவியா, வவுனியா என்று மாறி மாறிப் போனவர்களில் எத்தனை பேரிடம் துண்டு இருக்கும்? உடுத்த துணியோடு வந்தவர்கள் நாங்கள். சிகிச்சை பெற்ற வைத்தியசாலையும் மாதமும் நினைவில் இருந்தால் அங்கே பதிவேட்டில் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் அதற்காக விண்ணப்பத்தைக் கைவிட வேண்டாம். வைத்தியர் மதிப்பிட வேண்டியது உங்கள் இன்றைய உடலை. தழும்பும் இல்லாத காலும் துண்டு இல்லாமலேயே தெரியும். இப்போதைய கிளினிக் கொப்பி, குடிக்கிற மருந்துகளின் மட்டை, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் இவற்றை ஒரு பைலில் போட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் ஒரு பெயரும் கொப்பியில் இன்னொரு எழுத்தும் இருந்தால் முன்கூட்டியே கிராம உத்தியோகத்தரிடம் காட்டி என்ன செய்வதென்று கேளுங்கள். இந்தச் சின்ன விடயத்துக்காகத் திரும்பி வந்த பெண்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

இனி, பலர் என்னிடம் தணிந்த குரலில் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். “எப்பிடிக் காயம் பட்டது எண்டு கேட்டா என்ன சொல்லுறது மிஸ்?” இந்தக் கேள்விக்குப் பயந்தே விண்ணப்பிக்காமல் இருக்கிற பெண்கள் இருக்கிறார்கள். குறிப்பாக முன்பு இயக்கத்தில் இருந்து, புனர்வாழ்வு பெற்று வந்த தங்கச்சிமார். ஒரு பெயர்ப் பட்டியலில் ஏறினால் மறுபடி யாராவது வீட்டுக்கு விசாரிக்க வருவார்களோ என்று. வைத்திய அறிக்கை உடலின் இயலாமை பற்றியது. யுத்த காலத்தில் பட்ட ஷெல் காயம் என்றால் ஷெல் காயம், மிதிவெடி என்றால் மிதிவெடி; எந்த ஆண்டு, எந்த இடம். அதுவே கேள்விக்கான பதில். பொய் சொல்லத் தேவையில்லை, கேட்காத கதையை விரிக்கவும் தேவையில்லை. பயம் அதிகமாக இருந்தால் நம்பிக்கையான ஒரு பெண் உத்தியோகத்தரையோ எங்களைப் போன்றவர்களையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

கூட வருகிறவரைப் பற்றியும் ஒரு சொல். தம்பி, மருமகன் என்று ஆண்கள் கூட வந்தால் அநேகமாக அவர்களே பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். குளிக்க யார் உதவி என்பது மருமகனுக்கு எப்படித் தெரியும்? முடிந்தால் பெண்ணொருவரோடு போங்கள். சில இடங்களில் தமிழ் தெரியாத இளம் வைத்தியர்கள் கடமையில் இருப்பார்கள். அவர்களில் பலர் பொறுமையாகக் கேட்கிறவர்கள், ஆனால் பாதி சிங்களத்திலும் பாதி சைகையிலும் சொன்னால் உங்கள் நாளில் கால்வாசிகூட அவர்களுக்குப் போய்ச் சேராது. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. மொழிபெயர்க்க ஒருவரைக் கூப்பிடுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. அலுவலகம் மேல்மாடியில் இருந்தால் கீழே வந்து பார்க்கச் சொல்லியும் கேட்கலாம். பொதுக் கட்டடங்களில் வலுவிழந்தோர் போய்வர வசதி இருக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டிலேயே வர்த்தமானியில் ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. படிகளில் பின்பக்கமாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிய ஒரு அம்மாவை நான் கண்டேன். மேலே ஏறி முடிந்ததும், மாடி ஏறக்கூடியவர் என்றுதானே பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

வைத்தியர் எழுதி முடித்ததும் உடனே எழும்பி வராதீர்கள். “என்ன எழுதினீங்கள் டொக்டர், ஒருக்கால் சொல்லுவீங்களா?” என்று பணிவாகக் கேளுங்கள். விடுபட்டது இருந்தால் அப்போதே சொல்லலாம், தாளைக் கொடுக்கலாம். படிவத்தை ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் போட்டோ கொப்பி எடுத்து, ஒப்படைத்த திகதியையும் பெற்றவரின் பதவியையும் அதன் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சாக “உங்களுக்கு இல்லையாம்” என்று சொல்வது பதில் அல்ல. எழுத்தில் தரமாட்டோம் என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். காரணம் கைக்கு வந்தால் எந்த இடத்தில் விட்டுப்போனது என்று தெரியும், மறுபடி விண்ணப்பிக்கும்போது அந்த இடத்தை நிரப்பலாம்.

இடியப்பம் அவிக்கிற அக்கா அப்படித்தான் இரண்டாம் முறை போனார். மகள் எழுதிய ஒன்றரைப் பக்கத் தாள் கையில் இருந்தது. வேறொரு வைத்தியர். தாளை வாசித்துவிட்டு, காலைக் கழற்றச் சொல்லி, புண்ணைப் பார்த்து, அறிக்கை எழுதும் முன் முதலில் மருந்து கட்ட அனுப்பினாராம். பிறகும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. காசு வங்கிப் புத்தகத்தில் விழுந்த அன்று எனக்குத் தொலைபேசி எடுத்தார். மகள் இனி வெள்ளிக்கிழமைகளிலும் பள்ளிக்கூடம் போவாள், கிணற்றுக்கு மோட்டர் பூட்ட ஆள் கேட்டிருக்கிறேன் என்றார்.